பொகவந்தலாவையும் மரவேலைக் கைவினையின் நலிவும்

மலையகத்தில் மரவேலையின் நுட்பம் குன்றிவிட்டது என்னும் கூற்று பரவலாகக் கேட்கப்படுகின்றது. கதவு நிலைக்கும் சுவருக்கும் இடையே வெடிப்பு. மூலையில் பொருந்தாத சட்டம். பிழையை மறைக்கும் பூச்சு. இவற்றுக்குத் தொழிலாளியின் அக்கறையின்மையே காரணம் என்பாரும் உளர். இவ்விளக்கம் விளைவைக் காரணமாகக் கொள்கின்றது. ஒரு கைவினையின் வாழ்வும் தாழ்வும் அதனை வேண்டிநிற்கும் சமூக உறவுகளோடு பிணைந்தவை என்பதே நமது கருத்து.

கதவு, சாளரம், மூலைச் சட்டம் ஆகியவற்றின் இறுதி வேலை வெறும் அலங்காரமன்று. பொகவந்தலாவை 4,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்த பள்ளத்தாக்கு. தென்மேற்குப் பருவமழையில் மரம் ஈரத்தை ஏற்று விரியும், வரட்சியிற் சுருங்கும். இம்மாற்றம் நாரின் குறுக்கே மிகுதி. நீளவாக்கில் மிகச் சிறிது. எனவே சாய்வாக வெட்டி இணைத்த மூலை காலப்போக்கில் வாய் பிளக்கும். தேர்ந்த தச்சர் உள்மூலையில் ஒரு சட்டத்தின் முனையை மற்றதன் வளைவுக்கேற்பச் செதுக்கிப் படியவைப்பர். கதவின் நடுப்பலகையை ஆணியோ பசையோ இன்றிக் காடியில் அசையவிடுவர். அறிவும் கையும் பிரியாத உழைப்பு இது.

இவ்வுழைப்பின் பயனை யார் துய்த்தனர்? 1869இல் வெளிப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலை பரவியது. துரைமாரின் பங்களாக்களும் தேவாலயங்களும் இக்கைவினையை வேண்டின. லயன் அறைக்கோ அது மறுக்கப்பட்டது; ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடியான இருப்பிடத்துக்குப் பலகைக் கதவே போதுமென மூலதனம் கணக்கிட்டது. ஆகவே தோட்டத்தில் இக்கைவினை மக்கள் வாழ்வில் வேரூன்றாது, துரையின் தேவையிலேயே தங்கிநின்றது. அதன் பலவீனம் இங்கேயே தொடங்குகின்றது.

அத்தேவை மாறியபோது கைவினையும் தளர்ந்தது. தொழிற்சாலை மாடிகளிற் கொழுந்து வாட்டிய தட்டுகளின் இடத்தை 1960களிலிருந்து காற்றூட்டும் தொட்டிகள் பெற்றன. பின்னர் மரப்பெட்டியின் இடத்தைக் காகிதப் பை பிடித்தது. 1948இற் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்களுள் 525,000 பேரை 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்தியாவுக்கு ஒதுக்கியது. தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் தொழிலறிவு, குடும்பங்கள் பிரிந்தபோது எத்தனை இடங்களில் அறுபட்டிருக்கும் என ஊகித்தல் கடினமன்று. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை தனியார் கம்பனிகளிடம் சென்றது. உடைமை வடிவம் மாறியும் லயன் மாறவில்லை.

உழைப்பிற் சிந்தனையும் செயலும் பிரிக்கப்படுதலை ஹரி பிரேவர்மன் 1974இல் விரித்துரைத்தார். ஆயத்தக் கதவையும் அலுமினியச் சட்டத்தையும் பொருத்துபவரின் நிலை இதுவே. அளவு தொழிற்சாலையில் முடிவாகின்றது. வேகம் கூலியால் முடிவாகின்றது. நுட்பத்துக்கு நேரமுமில்லை, கூலியுமில்லை.

பழைய பங்களாவை எண்ணி ஏங்குவது நமது நோக்கமன்று. 2017இல் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். வீடுகளின் எண்ணிக்கையோடு கேள்வி முடிவதில்லை. மழைக்கு வாய் பிளக்காத கதவைக் கேட்கும் உரிமையும், அதனைச் செய்பவருக்கு உரிய கூலியும் தோட்ட மக்களுக்குக் கிட்டுமா? அவை கிட்டும்போதே இக்கைவினை முதன்முறையாக மக்களுடையதாகும்.