காமன் பொட்டலும் சிட்னி டவுன் ஹாலும்

இடம்பெயர்ந்தவர்களின் அரங்கு இரண்டு வகை. ஒன்று, தங்களுக்குள் ஆடிக்கொள்வது. மற்றது, ஊராரை உட்காரவைத்துச் சொல்வது. நீலகிரியில் கூடலூர், பந்தலூர் பக்கம் ஆடப்படும் காமன் கூத்து முதல் வகை. ஆஸ்திரேலியத் தமிழர் எஸ். ஷக்திதரன் எழுதி, 2019 ஜனவரியில் சிட்னி டவுன் ஹாலில் அரங்கேறிய 'கவுண்ட்டிங் அண்ட் கிராக்கிங்' இரண்டாம் வகை. இரண்டுக்கும் வேர் இலங்கையில்தான்.

1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. தலைமன்னாரில் கப்பலேறி மண்டபம் முகாம் வழியாக வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம், அதாவது டேன்டீ, வேலை கொடுத்தது. சட்டத்தின் கண்ணில் இவர்கள் அகதிகள் அல்ல, தாயகம் திரும்பியோர். ஷக்திதரனின் குடும்பமோ 1983 கலவரத்தையொட்டி இலங்கையை விட்டு வெளியேறியது. ஒரு தரப்பை இரு அரசுகளின் கையெழுத்து பெயர்த்தது. மறு தரப்பை வன்முறை விரட்டியது.

கதை சொல்லும் முறையிலும் இந்த வேறுபாடு தெரிகிறது. தமிழகத்திலிருந்து மலையகத்துக்குப் போய், அங்கிருந்து நீலகிரிக்குத் திரும்பியது காமன் கூத்து. மாசி வளர்பிறையில் கம்பம் நட்டுத் தொடங்கும்; தப்பு முழங்க ரதியும் மன்மதனும் ஆடுவார்கள்; பௌர்ணமியையொட்டிக் காமதகனம். அதில் கப்பலும் இல்லை, முகாமும் இல்லை. ஆனால் தேவர்கள் அனுப்பியதால் போனவன் மன்மதன். அனுப்பியவர்கள் தப்பிக்க, எரிந்தவன் அவன். புலம்பி நிற்பவள் ரதி. இரு அரசுகள் பங்கிட்ட மக்கள் இந்தக் கதையை விடாமல் ஆடுவதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை.

ஷக்திதரனின் நாடகம் எதையும் புராணத்துக்குள் மறைப்பதில்லை. 1956இன் கொழும்பிலிருந்து 2004இன் சிட்னி வரை ஒரு குடும்பத்தின் கதை மூன்றரை மணி நேரம் ஓடுகிறது. இறந்ததாக நினைத்த கணவன் சிறையிலிருந்து மீண்டு, படகேறி ஆஸ்திரேலியா வந்து தடுப்பு முகாமில் அடைபடுகிறான். பாத்திரங்கள் தமிழிலும் சிங்களத்திலும் பேசும்போது, மேடையிலேயே நடிகர்கள் ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொல்கிறார்கள். அகதிப் படகுகளைப் பற்றித் தேர்தல்தோறும் வாதிட்ட நாடு, படகில் வந்தவனை ஒரு வீட்டின் மருமகனாகப் பார்க்க நேர்ந்தது. நாடகம் பின்னர் எடின்பரோவுக்கும் நியூயார்க்குக்கும் போனது.

நடிப்பவர்களும் வேறு. கூத்தில் வேடம் கட்டுவது விரதமிருக்கும் உள்ளூர் ஆட்கள். ஆடுபவர்களும் பார்ப்பவர்களும் ஒரே தோட்ட லயன்களைச் சேர்ந்தவர்கள். சிட்னியில் ஆடியவர்கள் பல நாடுகளிலிருந்து வந்த தொழில்முறை நடிகர்கள். ஒரு கலைவிழாவின் நிதியும் பெரிய அரங்கும் இல்லாவிட்டால் அது நடந்திருக்காது. அதனால்தான் கூத்து ஆண்டுதோறும் திரும்ப வருகிறது. நாடகம் அழைப்பு வந்தால்தான் வருகிறது.

எது மேல் என்றால், வேலை வேறு என்பதே பதில். சிதறிப்போனவர்களை ஒரு பொட்டலில் கூட்டி ஊராக்குவது கூத்தால் முடியும். அக்கம்பக்கத்தாருக்கு வரலாறு சொல்ல அதனால் முடியாது. நாடகம் அடுத்தவர் காதில் ஏறும். ஆனால் சொந்த மக்களை ஆண்டுதோறும் கட்டிவைக்காது. நீலகிரியின் கையில் முதலாவது பலமாக இருக்கிறது; தேவைப்படுவது இரண்டாவது. ஊட்டிக்கு வந்து தேயிலை வாங்கிப்போகிறவர்களில் பலருக்கு அதைப் பறிக்கும் கைகள் எங்கிருந்து வந்தன என்று தெரியாது. இருபது வயதில் கப்பலேறியவர்களில் பலர் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். கோவையிலும் சென்னையிலும் உள்ள நாடகக் குழுக்கள் அவர்களிடம் இப்போதே போய் அவர்கள் கதையைக் கேட்க வேண்டும். எழுதுவதை அவர்களோடு சேர்ந்து எழுத வேண்டும். முதல் காட்சியைக் குன்னூரிலோ கூடலூரிலோ நடத்த வேண்டும்.