குன்றின் மறுபக்கம் யார் நின்றார்கள்? நார்மண்டி 1944

போர் வரலாற்றில் 'இரு தரப்பு' என்கிற சொல்லுக்கு நல்ல பெயர் இருக்கிறது. ஒரு தரப்பை மட்டும் சொன்னால் பிரச்சாரம், இரண்டையும் சொன்னால் வரலாறு என்று நம்பப் பழகிவிட்டோம். சாதித் தாக்குதல் ஒவ்வொன்றையும் 'இரு பிரிவினரிடையே மோதல்' என்று எழுதும் நாளிதழ்களோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இந்த நடுநிலை செய்யும் வேலை என்னவென்று தெரியும். ஆனால் தூர தேசத்துப் போர்களை வாசிக்கும்போது அந்தச் சந்தேகத்தைச் செருப்போடு சேர்த்து வாசலிலேயே கழற்றி வைத்துவிடுகிறோம். 1944 ஜூன் 6 அன்று பிரான்சின் நார்மண்டிக் கரையில் நேச நாடுகள் இறங்கிய கதையில், 'எதிர்த் தரப்பு' என்று நமக்குத் தரப்பட்டது எது, அதைத் தயாரித்தவர்கள் யார் என்பதுதான் என் கேள்வி.

சம்பவம் பலருக்கும் தெரிந்ததுதான். யூட்டா, ஒமாஹா, கோல்டு, ஜூனோ, ஸ்வோர்டு எனச் சங்கேதப் பெயரிட்ட ஐந்து கடற்கரைகள். ஏறத்தாழ 7,000 கப்பல்களும் படகுகளும். கடல்வழியாகவும் வான்வழியாகவும் முதல் நாளில் மட்டும் சுமார் 1,56,000 பேர். அன்று இறந்த நேச நாட்டுச் சிப்பாய்கள் 4,414 பேர் என்று பெயர் பெயராகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். ஜெர்மன் பக்கத்து இழப்போ 4,000 முதல் 9,000 வரை என்று ஒரு மதிப்பீடு. அதில் செத்தவர், காயம்பட்டவர், காணாமற்போனவர் எல்லாரும் சேர்த்தி. இரு தரப்பு வரலாறு தொடங்குகிற இடத்திலேயே தராசு இப்படித்தான் நிற்கிறது.

ஆனால் பேச்சுக்குப் பஞ்சமில்லை. தோற்ற பக்கத்துத் தளபதிகள் போர் முடிந்த கையோடு பேசத் தொடங்கினார்கள், அல்லது பேச வைக்கப்பட்டார்கள். பிரிட்டிஷ் இராணுவ எழுத்தாளர் லிடல் ஹார்ட், கைதிகளாக இருந்த ஜெர்மன் தளபதிகளைச் சந்தித்துப் பேசி 1948ல் 'குன்றின் மறுபக்கம்' என்கிற பொருளில் தலைப்பிட்டு ஒரு நூலை வெளியிட்டார். இதே லிடல் ஹார்ட்தான் மான்ஸ்டைன், ருண்ட்ஸ்டெட் போன்ற தளபதிகளை விசாரணைக் கூண்டில் ஏற்றக் கூடாது என்று வாதாடியவரும். அமெரிக்க இராணுவத்தின் வரலாற்றுப் பிரிவு, பிடிபட்ட ஜெர்மன் அதிகாரிகள் நூற்றுக்கணக்கானவர்களை உட்காரவைத்து அறிக்கைகள் எழுத வைத்தது. அந்த எழுத்துப் பட்டறைக்கு மேற்பார்வையாளர் ஃப்ரான்ஸ் ஹால்டர். 1938 முதல் 1942 வரை ஜெர்மன் தரைப்படைத் தலைமைப் பணியகத்தின் தலைவர். சோவியத் யூனியன் மீதான படையெடுப்புத் திட்டம் அவருடைய பணியகத்தில் உருவானது. பிடிபடும் அரசியல் கமிசார்களைச் சுட்டுக்கொல்லச் சொன்ன ஆணையின் தயாரிப்பிலும் அதற்குப் பங்குண்டு. 1961ல் அமெரிக்க அரசு அவருக்குச் சிறந்த சிவிலியன் சேவைக்கான விருது கொடுத்தது.

இன்னும் இருவரைச் சொல்ல வேண்டும். நார்மண்டியில் ரோமலின் தலைமைப் பணியக அதிகாரியாக இருந்த ஹான்ஸ் ஸ்பைடல் 1949ல் படையிறக்கம் பற்றி நூல் எழுதினார். ரோமல் என்கிற 'நல்ல ஜெர்மன் வீரன்' படிமத்தை வளர்த்ததில் அதற்குப் பெரிய பங்கு. 1957ல் அவரே நேட்டோவின் மத்திய ஐரோப்பியத் தரைப்படைகளுக்குத் தளபதியானார். பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் எவருடைய இறக்கத்தைத் தடுக்க நின்றாரோ, அவர்களுடைய படைகளுக்கே! அடுத்தவர் பவுல் கரெல். ஜெர்மன் பக்கத்திலிருந்து படையிறக்கத்தை விறுவிறுப்பாகச் சொன்ன அவருடைய 1960ஆம் வருஷத்து நூல் பல மொழிகளில் விற்றுத் தீர்ந்தது. அவருடைய உண்மைப் பெயர் பவுல் கார்ல் ஷ்மிட். நாஜி வெளியுறவு அமைச்சகத்தின் பத்திரிகைப் பிரிவுத் தலைவர், எஸ்.எஸ். அமைப்பில் உயர் அதிகாரி. புடாபெஸ்ட் நகரத்து யூதர்களை நாடு கடத்துவதற்குச் சாக்கு வேண்டுமென்று, அவர்களுடைய தொழுகைக் கூடங்களில் வெடிபொருள் 'கண்டெடுக்க'லாம் என அவர் குறிப்பு எழுதியது 1944 மே கடைசியில், அதாவது படையிறக்கத்துக்குப் பத்து நாள் முன்பு. வாசகர்கள் பல பத்தாண்டுகளாக 'மறுபக்க'த்தை இவர் கண்வழியே பார்த்தார்கள்.

இது தற்செயல் அல்ல. சோவியத்துக்கு எதிராக மேற்கு ஜெர்மனியை மீண்டும் ஆயுதபாணியாக்க வேண்டியிருந்த காலம் அது. அதற்குக் களங்கமற்ற ஜெர்மன் சிப்பாய் தேவைப்பட்டான். நார்மண்டி இறக்கத்தின் தலைமைத் தளபதி ஐசன்ஹோவரே, நேட்டோ தளபதியாக 1951 ஜனவரியில் ஜெர்மனிக்குப் போனபோது, ஹிட்லர் வேறு ஜெர்மன் சிப்பாய் வேறு என்று அறிவித்தார். இரு தரப்புக் கதையாடல் இப்படித்தான் உற்பத்தியானது. வென்ற தளபதிகளும் தோற்ற தளபதிகளும் ஒருவரையொருவர் மதித்துக் கைகுலுக்கும் கதை அது.

அந்தக் கதையின் மிகப் பிரபலமான காட்சி ஹிட்லரின் தூக்கம். விடியற்காலையில் கவசப் படைகளைக் கேட்டார்கள், தலைவர் தூங்குகிறார், எழுப்ப யாருக்கும் தைரியமில்லை, மதியம் தாண்டித்தான் உத்தரவு வந்தது. 1962ல் வந்த 'தி லாங்கஸ்ட் டே' படத்தில் இதை ப்ளூமென்ட்ரிட் பாத்திரம் கசப்போடு சொல்லும். நிஜ ப்ளூமென்ட்ரிட் அந்தப் படத்தின் ஆலோசகர்களில் ஒருவர். ஜெர்மானியர்களை ஜெர்மன் மொழியிலேயே பேச வைத்த படம் என்பதால், இரு தரப்பு நியாயத்துக்கு உதாரணமாக இன்றும் அதைக் காட்டுவார்கள்.

தூங்கியது உண்மைதான். உத்தரவு தாமதமானதும் உண்மை. ஆனால் 'அந்தாளு தூங்கிட்டாரு, அதனால தோத்தோம்' என்பதில் எவ்வளவு வசதி இருக்கிறது பாருங்கள். முக்கியப் படையிறக்கம் கலே பகுதியில்தான் வரும் என்று கணித்தவர்களில் மேற்குப் படைத் தளபதி ருண்ட்ஸ்டெட்டும் உண்டு. 1944 வசந்தத்தில் நார்மண்டியைச் சுட்டிக்காட்டி எச்சரித்தவர் ஹிட்லர். பிரிட்டிஷாரின் இரட்டை உளவாளி ஹுவான் புஜோல் அனுப்பிய பொய்த் தகவல்களை ஜெர்மன் உளவுத்துறை விழுங்கியது. கலேயில் இருந்த பதினைந்தாவது இராணுவத்தின் பெரும்பகுதி, நார்மண்டியில் சண்டை வாரக்கணக்கில் நடந்தபோதும் அங்கேயே காத்துக் கிடந்தது. ஜூன் 6 அன்று நேச நாட்டு விமானங்கள் 14,000 தடவைக்கு மேல் பறந்தன. அந்த ஆகாயத்தின் கீழே கவச வண்டிகள் பகலில் எப்படி நகர்ந்திருக்கும்? தூக்கக் கதை தோல்வியை விளக்கும் கதை என்பதைவிட, பொறுப்பை ஒரே ஆளின் படுக்கையறைக்குள் பூட்டும் கதை.

தளபதிகள் யாரும் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு பேசிய பேச்சும் நமக்குக் கிடைத்திருக்கிறது. வட லண்டனில் டிரென்ட் பார்க் என்கிற மாளிகையில் பிடிபட்ட தளபதிகளை வசதியாகத் தங்கவைத்து, சுவருக்குள் ஒலிவாங்கிகளைப் பொருத்தி, பிரிட்டிஷ் உளவுத்துறை எல்லாவற்றையும் பதிவு செய்தது. 1996ல் ஆவணங்கள் திறக்கப்பட்டன. ஜெர்மன் வரலாற்றாய்வாளர் சோன்கே நைட்செல் அவற்றை 2005ல் நூலாக்கினார். நார்மண்டியில் ஒரு படைத்தொகுதிக்குத் தளபதியாக இருந்த டீட்ரிஹ் ஃபான் கோல்டிட்ஸ் அங்கே இருந்தவர். பின்னாளில் தன் நினைவுக்குறிப்புகளில் பாரிஸ் நகரத்தை அழிக்க மறுத்த கனவானாகத் தன்னைக் காட்டிக்கொண்டவர். 1944 ஆகஸ்டு கடைசியில், தான் நிறைவேற்றியதிலேயே கடினமான வேலை யூதர்களைத் தீர்த்துக்கட்டியது என்றும், அதைக் கடைசிவரை செய்து முடித்ததாகவும் அவர் சக கைதிகளிடம் சொன்னது பதிவில் இருக்கிறது. லிடல் ஹார்ட் கேட்ட மறுபக்கமும் இந்தச் சுவர் கேட்ட மறுபக்கமும் ஒன்றல்ல.

சரி, தளபதிகளை விடுவோம். கரையில் பதுங்கு குழிக்குள் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தது யாரு? நார்மண்டிக் கரையின் பெரும்பகுதியைக் காத்தவை 709, 716 போன்ற நிலைப்படைகள். நகர வண்டி வசதியில்லாத, வயது கூடியவர்கள் நிறைந்த படைகள். அவற்றில் சோவியத் போர்க் கைதிகளைக் கொண்டு அமைத்த 'கிழக்குப் பட்டாலியன்'களும் இருந்தன. யூட்டா கடற்கரைக்குப் பின்னால் துர்க்வில் கிராமத்தில் நின்றது 795ஆவது ஜார்ஜியப் பட்டாலியன். ஜெர்மானியரிடம் பிடிபட்ட சோவியத் சிப்பாய்கள் சுமார் 57 லட்சம். அவர்களில் ஏறத்தாழ 33 லட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் குண்டடியாலும் செத்தார்கள். முள்வேலிக்குள் சாவதா, எதிரியின் சீருடையைப் போட்டுக்கொள்வதா என்கிற கேள்விக்கு அவர்கள் சொன்ன பதில்தான் நார்மண்டிக் கரையில் நின்றது. இரண்டாம் நாளே துர்க்வில்லில் அவர்கள் சரணடைந்தார்கள். அந்தக் குழிகளுக்குக் கான்கிரீட் கலந்தவர்களிலும் கட்டாய வேலைக்குப் பிடித்துவரப்பட்ட பிரெஞ்சுக்காரர்களும், ஃப்ராங்கோவிடம் தோற்று ஓடிவந்த ஸ்பானியக் குடியரசுவாதிகளும் உண்டு. கான்கிரீட்டில் இலாபம் பார்த்த பிரெஞ்சுக் கட்டட முதலாளிகளும் இருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அட்லாண்டிக் அரண் என்று ஹிட்லர் பெயரிட்ட இந்தக் கரையோரக் காவலில் நம்மவர்களும் இருந்தார்கள். வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட பிரிட்டிஷ் இந்தியச் சிப்பாய்களைத் திரட்டி சுபாஷ் சந்திர போஸ் ஜெர்மனியில் அமைத்த சுதந்திர இந்தியப் படையணி, சுமார் 3,000 பேர், நார்மண்டிக்குத் தெற்கே வெகுதொலைவில், போர்தோ அருகே லக்கானோ கடற்கரையில் நிறுத்தப்பட்டிருந்தது. 1944 பிப்ரவரியில் ரோமல் வந்து பார்வையிட்டார். அதற்கு ஒரு வருஷம் முன்பே போஸ் நீர்மூழ்கிக் கப்பலில் கிழக்கே போயிருந்தார். படையிறக்கத்துக்குப் பின் ஆகஸ்டில் இவர்களை எஸ்.எஸ். ஆயுதப் படையில் சேர்த்தார்கள்; பிரான்சைக் குறுக்கே கடந்து பின்வாங்கும் வழியில் பிரெஞ்சு எதிர்ப்பியக்கத்தோடு மோதினார்கள். ஒரு ஏகாதிபத்தியத்திடமிருந்து விடுதலை வேண்டி, இன்னொன்றின் தலைவன் பெயரில் சத்தியம் செய்துகொடுத்துவிட்டு, மூன்றாவது ஒரு மக்களின் விடுதலைக்கு எதிரே நின்றவர்கள். நம் தேசபக்த வரலாறு சிங்கப்பூரையும் இம்பாலையும் மட்டும் பேசி இதைக் கடந்து போவதற்குக் காரணம் புரிகிறது.

இறங்கிய பக்கமும் ஒரே பக்கமாக இருக்கவில்லை. நிறவாரியாகப் பிரிக்கப்பட்ட அமெரிக்கப் படையில், கரையில் இறங்கிய கறுப்பினப் பிரிவுகளில் 320ஆவது தடுப்புப் பலூன் பட்டாலியன் ஒன்று. அதன் மருத்துவ உதவியாளர் வேவர்லி உட்சன், தானும் காயம்பட்ட நிலையில், ஒமாஹாவில் முப்பது மணி நேரம் காயம்பட்டோரைக் கவனித்தார். உயர் வீரச் சிலுவை அவர் பெயருக்கு வந்தது 2024ல், அவர் இறந்து பத்தொன்பது வருஷம் கழித்து. மறுபுறம், பிரான்சில் பாலியல் வன்முறைக் குற்றத்துக்காக 1944-45ல் பகிரங்கமாகத் தூக்கிலிடப்பட்ட 29 அமெரிக்கச் சிப்பாய்களில் 25 பேர் கறுப்பர்கள் என்று மேரி லூயிஸ் ராபர்ட்ஸ் எழுதுகிறார். பெண்களின் துயரத்துக்கு நியாயம் செய்கிற பெயரில், வெள்ளைச் சிப்பாய்களின் குற்றத்தையும் கறுப்பர் கணக்கில் எழுதிய இராணுவம் அது.

கீழே இருந்த ஊர்களை எந்தத் தரப்பில் சேர்ப்பது? ஜெர்மன் படைகள் வந்துசேராமல் தடுக்க, சாலைச் சந்திப்புகளாக இருந்த நகரங்களை இடிப்பது நேச நாட்டுத் திட்டம். கான், சான்-லோ, லிசியூ எல்லாம் முதல் இரண்டு நாளிலேயே நொறுங்கின. அந்த இரண்டு நாளில் செத்த பிரெஞ்சுப் பொதுமக்கள் சுமார் 3,000 பேர். நார்மண்டிச் சண்டை முழுவதிலும் ஏறத்தாழ 20,000. கான் நகரத்து மக்கள் ஆண்கள் மடத்திலும் ஊருக்கு வெளியே ஃப்ளூரியின் கல்குவாரிக் குகைகளிலும் வாரக்கணக்கில் ஒதுங்கிக் கிடந்தார்கள். ஜூலை 7 இரவு மறுபடியும் 450 கனரக விமானங்கள் வந்தன. இரண்டு நாள் கழித்து நேசப் படை உள்ளே நுழைந்தபோது, தான் உண்டாக்கிய இடிபாடுகளே அதற்கு வழியை மறித்தன. இவர்களும் விடுதலையை வேண்டியவர்கள்தான், வந்தவர்களை வரவேற்றவர்கள்தான். இதையே விஷி அரசின் வானொலி, நேச நாட்டுக் காட்டுமிராண்டித்தனம் என்று தன் பிரச்சாரத்துக்குத் தின்றுகொண்டிருந்தது. அதனால் போருக்குப் பின் துக்கத்தைப் பேசினாலே துரோகி வாடை அடித்தது. நாஜிகளுக்கும் விடுவித்தவர்களுக்கும் சமன் போடச் சொல்லவில்லை நான். அதே ஜூன் 10 அன்று நார்மண்டிக்குப் போகும் வழியில் எஸ்.எஸ். படை ஓரதூர்-சுர்-க்ளான் கிராமத்தில் 643 பேரைச் சுட்டும் எரித்தும் கொன்றது. அந்த வித்தியாசத்தைச் சொல்லக் கான் நகரத்துப் பிணங்களை மறைக்க வேண்டிய அவசியமில்லை என்பதே என் வாதம்.

நினைவு விழாக்களின் அழைப்பிதழ்ப் பட்டியலைப் பார்த்தாலே தரப்பு என்பது எப்படி மாறி மாறி வரையப்படுகிறது என்று தெரியும். 1964ல் தெகால் வர மறுத்தார். 1994ல் ஜெர்மன் சான்சலருக்கு அழைப்பில்லை, 2004ல் ஷ்ரோடருக்கு அழைப்பு. 2014ல் புதின் வந்தார், 2024ல் அவருக்கு இடமில்லை, செலன்ஸ்கி வந்தார். செத்த பொதுமக்களுக்கு ஜூன் 6 அன்றே கான் நகரில் பிரெஞ்சு ஜனாதிபதி ஒலாந்து அஞ்சலி செலுத்தியது 2014ல், எழுபது வருஷம் கழித்து.

பிடிபட்ட கிழக்குப் பட்டாலியன்காரர்களை பிரிட்டன் 1944 கடைசியிலிருந்தே கப்பலேற்றி சோவியத்துக்குத் திருப்பி அனுப்பத் தொடங்கியது. வர மறுத்தவர்களையும் ஒப்படைப்பது 1945 பிப்ரவரியில் யால்டாவில் உடன்பாடாகவே ஆனது. 1995 ஜனவரியில் யெல்ட்சின் அரசு ஓர் ஆணையின் மூலம் முன்னாள் சோவியத் போர்க் கைதிகளுக்கு உரிமைகளை மீட்டுக் கொடுத்தது. ஜெர்மன் போர்ப் பிரிவுகளில் பணியாற்றியவர்களுக்கு அந்த ஆணை பொருந்தாது.