மூன்று ஒலிவாங்கிகளும் ஒரு நித்திரையும்

சென்ற மாதம் ஹவுன்ஸ்லோவிலிருந்து ஒரு அக்கா எங்கள் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தா. "தம்பி, இப்ப வாற பிளேனுகளுக்குச் சத்தம் குறைவெண்டு சொல்லுகினம். பிறகேன் விடியப்புறம் எனக்கு நித்திரை குழம்புது?" பொம்மர் சத்தத்துக்குப் பங்கருக்குள் பாய்ந்து வளர்ந்த எனக்கும் அந்தக் கேள்வி உண்டு. அதனால் பழைய கதையைத் தேடிப் படித்தேன்.

1958இல் ஜெட் விமானங்கள் அத்லாந்திக்கைத் தாண்டிப் பயணிகளை ஏற்றத் தொடங்கின. கூடவே விமான நிலையங்களுக்கு அருகில் குடியிருந்தவர்களின் முறைப்பாடுகளும் பெருகின. 1969இல் உலக நாடுகள் மொன்றியலில் கூடிப் பேசின. 1971இல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு முதலாவது இரைச்சல் விதியை ஏற்றுக்கொண்டது. புதுவகை விமானம் ஒன்றுக்குச் சான்றிதழ் கொடுக்குமுன் மூன்று இடங்களில் ஒலிவாங்கி வைத்து அளப்பார்கள். அது ஓடத் தொடங்கிய இடத்திலிருந்து ஆறரைக் கிலோமீற்றரில் ஒன்று, ஓடுபாதைக்குப் பக்கவாட்டில் 450 மீற்றரில் ஒன்று, இறங்கும்போது ஓடுபாதை முனைக்கு 2 கிலோமீற்றர் முன்னால் ஒன்று.

விதி வந்தவுடன் வானம் அமைதியாகிவிடவில்லை. பழைய இரைச்சல் விமானங்கள் ஐரோப்பாவிலிருந்து முற்றாக ஒதுக்கப்பட 2002 ஏப்ரல் ஆனது. கொன்கோட்டுக்கோ 2003இல் ஓய்வுபெறும்வரை சலுகைதான்! புதிய வகைகளுக்கு 2006இலும் 2017 முடிவிலும் அளவு மேலும் இறுக்கப்பட்டது.

புகைக்கான விதி 1981இல் வந்தது. விமானத்தை அல்ல, இயந்திரத்தைத் தனியே இயக்கி, 3,000 அடிக்குக் கீழே ஏறி இறங்கும்போது வெளிவரும் புகை, நைதரசன் ஒட்சைட்டு போன்றவற்றைக் கணக்கிடுவார்கள். காபனீரொட்சைட்டுக்கு விதி ஏற்கப்பட்டது 2017இல்தான். இவ்வளவு பிந்தியதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இனி அக்காவின் நித்திரை. சான்றிதழ் அளப்பது ஒரு விமானம் ஒருமுறை கடக்கும் சத்தத்தை. எத்தனை தடவை கடக்கும் என்பது அதில் இல்லை. ஹீத்ரோவுக்கு வருடத்தில் 480,000 ஏற்ற இறக்கங்கள்வரை அனுமதி உண்டு. ஆனாலும் அந்த இலக்கங்கள் வீண்போகவில்லை. 1993 முதல் அரசாங்கம் அவற்றை வைத்தே ஒவ்வொரு விமானத்துக்கும் இரவுப் புள்ளி கொடுக்கிறது. சத்தம் 3 டெசிபெல் கூடினால் புள்ளி இரட்டிப்பு. இரவு பதினொன்றரை தொடக்கம் காலை ஆறு மணிவரை பறப்பவற்றின் மொத்தப் புள்ளிக்கும் எண்ணிக்கைக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு.

அந்த வரம்பை மாற்றுமுன் அரசாங்கம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும். அடுத்தமுறை கேட்கும்போது தமிழில் சொல்லுங்கோ, ஆங்கிலத்தில் எழுதித் தருகிறோம் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.