விலகியவர் கைக்கு வந்த தேர்வு: காமராசர், 1963

கம்மாபுரத்தில் நின்று நெய்வேலிப் பக்கம் பார்த்தால், சுரங்கத்திலிருந்து தோண்டிக் கொட்டிய மண்மேடுகள் குன்றுகளாக எழுந்து நிற்கும். பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது 1956 நவம்பரில். மறு ஆண்டு நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962இல் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கியது. இத்தனையும் ஒரே முதலமைச்சர் காலத்தில் நடந்தவை. விதைத்தது விளையத் தொடங்கிய நேரத்தில், 1963 அக்டோபர் 2 அன்று, கு. காமராசர் பதவியை விட்டு இறங்கினார்.

ஏன் இறங்கினார் என்பதற்கு இரண்டு விடைகள் வழங்கி வருகின்றன. அது தூய துறவு என்பது ஒன்று. மொரார்ஜி தேசாயை ஒதுக்க நேருவுடன் சேர்ந்து வகுத்த உத்தி என்பது மற்றொன்று. இரண்டுமே மனிதரின் உள்நோக்கத்தைத் துருவுகின்றன. உள்நோக்கத்துக்குச் சான்று தேடி முடியாது. பதவி விலகலை அளக்க வேறு அளவுகோல் வேண்டும். அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அதனால் யார் கைக்குப் போனது, எந்த முறையில் அது செலுத்தப்பட்டது என்பதே அந்த அளவுகோல்.

அன்றைய காங்கிரசின் நிலை இரங்கத்தக்கது. சீனப் போரின் காயம் ஆறவில்லை. 1963 இடைத்தேர்தல்களில் அம்ரோகாவில் கிருபளானியும், பரூக்காபாத்தில் லோகியாவும், ராஜ்கோட்டில் மசானியும் வென்று மக்களவைக்குள் வந்தனர். மூத்தவர்கள் ஆட்சியை விட்டுக் கட்சிப் பணிக்குத் திரும்பட்டும் என்ற காமராசர் திட்டத்தை ஆகஸ்டில் காங்கிரஸ் ஏற்றது. மொரார்ஜி, சாஸ்திரி, ஜகஜீவன் ராம், எஸ். கே. பாட்டீல் உள்ளிட்ட ஆறு மத்திய அமைச்சர்கள், ஆறு முதலமைச்சர்கள் எனப் பன்னிருவர் விலகினர். யோசனை சொன்னவரே முன்னால் இறங்கியதுதான் அதற்கு வலு.

சென்னையில் அவருக்குப் பின் யார்? எம். பக்தவத்சலம். 1954இல் ராஜாஜி விலகியபோது, காமராசருக்கு எதிராக சி. சுப்பிரமணியத்தின் பெயரை முன்மொழிந்தவர் இவர். தோற்ற அணியின் அந்த இருவரையும் காமராசர் அப்போதே அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். பெருந்தன்மை என்று இதைப் புகழ்வார்கள். அதைவிட, போட்டி முடிந்த மறுநாளே பகையை முடிக்கும் அரசியல் பழக்கம் என்பதே சரி.

தில்லியிலோ ஊகங்கள் பெருகின. வெல்ஸ் ஹேங்கன் என்ற அமெரிக்கச் செய்தியாளர், நேருவுக்குப் பின் யார் என்ற கேள்வியையே தலைப்பாக்கி 1963இல் ஒரு நூல் எழுதி, எட்டுப் பெயர்களை அலசினார். மொரார்ஜி, சாஸ்திரி, இந்திரா, கிருஷ்ண மேனன், ஜெயப்பிரகாசர் எல்லோரும் அதில் உண்டு, காமராசர் இல்லை. யார் நாற்காலியில் அமர்வார் என்றே எல்லோரும் தேடினர். அமர்த்தப் போகிறவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

1964 ஜனவரியில், காங்கிரசின் புவனேசுவர மாநாட்டில், கட்சியின் புதிய தலைவராகக் காமராசர் வீற்றிருக்க நேரு நோயில் விழுந்தார். மே 27 அன்று மறைந்தார். அடுத்த சில நாட்களில் காமராசர் முதலமைச்சர்களையும் நாடாளுமன்ற உறுப்பினர்களையும் தனித்தனியே கேட்டறிந்தார். ஜூன் 2 அன்று போட்டியே இல்லாமல் சாஸ்திரி தேர்வானார். அப்போது காமராசர் நாடாளுமன்ற உறுப்பினர்கூட இல்லை. பதவி கேட்காதவர் கேட்டதால்தான் பிறர் மனம் திறந்தார்கள்; மொரார்ஜியும் ஒதுங்கினார். 1963 விலகலின் உண்மையான பலன் இதுவே.

அந்தப் பலன் நீடிக்கவில்லை. 1966 ஜனவரியில் சாஸ்திரி தாஷ்கண்டில் இறந்ததும் மொரார்ஜி விட்டுக்கொடுக்க மறுத்தார். வாக்கெடுப்பில் காமராசர் முன்னிறுத்திய இந்திராவுக்கு 355, மொரார்ஜிக்கு 169. தோற்பவர் இசைந்தால் மட்டுமே கருத்தொற்றுமை நிற்கும் என்பது அன்று அம்பலமாயிற்று.

தமிழ்நாடு கொடுத்த விலையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1965 மொழிப்போரைப் பக்தவத்சலம் அடக்குமுறையால் எதிர்கொண்டார். ஊர் ஊராய் மக்கள் நாடி பிடித்துப் பார்த்தவர் கோட்டையில் இல்லாத குறை அப்போது தெரிந்தது. தில்லிக்கு இருமுறை பிரதமரைத் தேர்ந்து தந்தவர், தம் மாநிலத்தில் இரண்டாம் வரிசையை வளர்க்காமல் போனது பெரும் பிழை என்பதே இக்கட்டுரையின் முடிபு. 1967இல் தி.மு.க. 137 இடங்களில் வென்றது. விருதுநகரில் பெ. சீனிவாசன் என்ற இளைஞரிடம் காமராசரே தோற்றார். 1969இல் கட்சி உடைந்தபோது, தாம் முன்னிறுத்திய இந்திராவுக்கு எதிரணியில் நின்றார்.

முதலமைச்சர் நாற்காலிக்கு அவர் திரும்பவே இல்லை. அதைவிட்டு இறங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, அதே அக்டோபர் 2ஆம் நாளில், 1975இல் காலமானார்.