ஆறு நிமிஷத்தின் கதை

வெள்ளிக்கிழமை சாயங்காலமானா எங்க ஆபீஸ்ல ஒரு சடங்கு. அவனவன் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, திங்கட்கிழமை என்னத்தைக் கிழிச்சோம்னு யோசிச்சு டைம்ஷீட்டை நிரப்பிக்கிட்டிருப்பான். கிளையண்ட்டுக்குப் போற ரிப்போர்ட் ஆச்சே. அரை மணிக்கு 0.5, ஆறு நிமிஷத்துக்கு 0.1. இந்த 0.1-ஐக் கண்டுபிடிச்ச புண்ணியவான் யாருன்னு தேடினேன். ஏதோ ஃபாக்டரி முதலாளியா இருப்பான்னு நினைச்சா, ஏழைகளுக்காக உழைச்ச ஒரு வக்கீல் வந்து நிக்கிறார்!

பேர் ரெஜினால்ட் ஹீபர் ஸ்மித். 1914-ல் ஹார்வர்டில் சட்டம் முடிச்ச கையோட பாஸ்டன் இலவசச் சட்ட உதவிச் சங்கத்தின் பொறுப்புக்கு வந்தவர். ஏழைக்கு அமெரிக்க நீதிமன்றத்தில் நியாயம் கிடைக்கறதில்லைன்னு 1919-ல் புத்தகமே எழுதினார். நன்கொடையில் ஓடற ஆபீஸ்ல ஒரு வழக்குக்கு எவ்வளவு செலவாகுதுன்னு தெரியணுமில்லையா? அங்கே பழகின கணக்கு புத்தியோட அதே 1919-ல் 'ஹேல் அண்ட் டோர்'ங்கற வக்கீல் நிறுவனத்துக்கு நிர்வாகியாப் போனார். அங்கே எல்லாரும் தினமும் டைம்ஷீட் எழுதணும், மணியைப் பத்தாப் பிரிச்சு எழுதணும்னு கொண்டுவந்தார். அதான் நம்ம ஆறு நிமிஷம்.

இதுல முக்கியமான விஷயம், அது ஆபீஸ் தன் செலவைத் தெரிஞ்சுக்க வெச்ச கணக்கு. கட்சிக்காரருக்குப் போற பில்லில் அந்தக் காலத்தில் பெரும்பாலும் 'செய்த சேவைக்கு இவ்வளவு'ன்னு ஒரே வரிதான்.

அப்புறம் எப்படி மணிக்கணக்கே விலையாச்சு? 1958-ல் அமெரிக்க வக்கீல் சங்கம் ஒரு சின்னப் பிரசுரம் போட்டது. நேரத்தைக் குறிச்சு வெச்சா வருமானம் கூடும், வருஷத்துக்கு சுமார் 1,300 மணி நேரம் காசாக்கலாம்ங்கறது அதோட உபதேசம்.

அடுத்தது ஒரு வீட்டுக் கதை. 1971-ல் வர்ஜீனியாவில் கோல்ட்ஃபார்ப்னு ஒரு தம்பதி வீடு வாங்கினாங்க. கடனுக்காக வில்லங்கம் பார்க்க வக்கீல்கிட்ட போனா, வீட்டு விலையில் 1 சதவீதம் கேட்டார். சரி, வேற ஆளைப் பார்ப்போம்னு 36 பேருக்குக் கடிதம் போட்டாங்க. பதில் எழுதினது 19 பேர். ஒருத்தர்கூடக் குறைக்கலை! வக்கீல் சங்கம் நிர்ணயிச்ச குறைஞ்சபட்சக் கட்டணமாம். கேஸ் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், இப்படிக் கூடிப்பேசி விலை வைக்கறது சட்டவிரோதம்னு 1975-ல் தீர்ப்பாச்சு. கட்டணப் பட்டியல் போனதும் கையில் தயாரா இருந்தது ஸ்மித்தோட டைம்ஷீட்தான். செலவுக் கணக்கு விலைப்பட்டியலாயிடுச்சு.

இதோட கோளாறு நமக்கு நல்லாவே தெரியும். பத்தே நிமிஷத்தில் பிழையைப் பிடிச்சவனுக்கு 0.2. ரெண்டு நாள் முழிச்சு அதே பிழையைப் பிடிச்சவனுக்கு 16. கிளையண்ட் ரெண்டாவது ஆளுக்குத்தான் அதிகம் தர்றான். இதை மேனேஜர்கிட்ட சொன்னேன். சிரிச்சார், அவ்வளவுதான்.

வக்கீல் சங்கமும் இதைப் பத்திக் கவலைப்பட்டு 2002-ல் ஒரு அறிக்கை விட்டது. அதுல மாதிரித் திட்டம்னு போட்டிருந்தது வருஷத்துக்கு 2,300 மணி நேரம். கட்டண வேலைக்கு 1,900. ஏழைகளுக்கான இலவச வேலைக்கு 100. ஸ்மித் பார்த்திருந்தா என்ன சொல்லியிருப்பாரோ!

சரி, மணி ஆறேமுக்கால். என் டைம்ஷீட்ல வியாழக்கிழமைக் கட்டம் இன்னும் காலியாவே இருக்கு.