உப்பும் இருதயமும்

மரக்காணத்து உப்பளங்களை அடுத்த கீழ்புத்துப்பட்டு முதலிய ஊர்களில் வாழும் நமக்கு உப்பின் அருமையை எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்பது நாம் தொட்டிற் பருவத்திலேயே கேட்ட மொழி. ஆயினும், உப்புக்கும் இருதயத்திற்கும் உள்ள தொடர்பின் சரித்திரத்தை நம்மவர் அறிதல் அவசியமாகும்.

1904 இல் பாரிஸ் நகரத்து மருத்துவர்களான அம்பார், போஷார் இருவரும், உப்பைக் குறைத்தால் இரத்த அழுத்தம் தணியக் கண்டு எழுதினர். மறு ஆண்டில் ருஷிய மருத்துவர் கொரட்காவ், கையிற் பட்டை கட்டி, நாடியின் ஒலி கேட்டு அழுத்தத்தை அளக்கும் முறையை வெளியிட்டார். 1944 முதல் அமெரிக்காவில் கெம்ப்னர் என்பார், உப்பில்லாச் சோறும் பழமும் உண்ட நோயாளர் பலருக்குப் பருத்த இருதயம் சுருங்கியதை எக்ஸ்ரே படங்களால் காட்டினார். 1958 இல், உப்பைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் குளோரோதையசைடு மாத்திரை விற்பனைக்கு வந்தது.

காரணம் எளிது. மிகுந்த உப்பு உடலில் நீரை நிறுத்தும், அழுத்தம் ஏறும், அதனை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இருதயம் தடித்துச் சோரும்.

நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உண்க என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. கருவாடும் ஊறுகாயும் இக்கணக்கில் அடங்கும். வெயிலில் வியர்த்து உழைக்கும் இருதய நோயாளர், மருத்துவரைக் கேட்டே தமக்குரிய அளவைக் கொள்க.

நோயுற்ற கணவனுக்கு உப்புக் குறைத்து இடுதலை அவமதிப்பென அஞ்சும் தாய்மார் நம்முள் உளர். அது அவமதிப்பன்று, அன்பே. ஊடலுக்கு உப்பை உவமை கூறிய வள்ளுவரும் அளவு மிகலாகாதென்றே உரைத்தார். உப்பை விளைவிக்கும் நாமே அதன் அளவையும் அறிந்தோராவோமாக.