சவன்னா தீ மேலாண்மையும் சிறு பாலூட்டிகளும்

சவன்னா தீ மேலாண்மை என்பது வெப்பமண்டலப் புல்வெளிக் காடுகளில் தீயின் பருவம், பரப்பு, வேகம், இடைவெளி ஆகியவற்றை நெறிப்படுத்தும் நிலப் பராமரிப்பு முறை. வட ஆஸ்திரேலியாவில் குவோல், பாண்டிகூட், மர எலிகள் முதலிய சிறு பாலூட்டிகளின் பிழைப்பு இதனோடு நெருங்கிப் பிணைந்தது.

வறண்ட பருவத் தொடக்கத்தில், புல்லில் ஈரம் எஞ்சியிருக்கையில் மூட்டும் தீ தணிந்து, திட்டுத்திட்டாக எரியும். பருவ இறுதித் தீயோ பரந்த நிலத்தை ஒருசேரப் பொசுக்கும். தீயில் நேரடியாக மடிபவற்றைவிட, அதன்பின் மறைவிடமின்றி மடிபவையே மிகுதி. மரப்பொந்து, விழுந்த மரத்தண்டு, பழம் தரும் புதர் ஆகியவை அழிகின்றன. கடுமையாக எரிந்த இடங்களைத் தேடிச் சென்று காட்டில் திரியும் வீட்டுப்பூனைகள் வேட்டையாடுவது வட ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி ஆய்வுகளில் பதிவாகியுள்ளது.

பழங்குடியினரின் எரிப்பு மரபு ஐரோப்பியக் குடியேற்றத்துக்குப் பின் பல இடங்களில் அறுந்து, பருவ இறுதிப் பெருந்தீக்கு வழிவிட்டது. ககாடு தேசியப் பூங்காவின் கண்காணிப்புத் திடல்களில் 2001–04 முதல் 2007–09 வரையிலான இடைவெளியில் பாலூட்டிகளின் எண்ணிக்கை 71 விழுக்காடு சரிந்தது. தீயோடு பூனை, கால்நடை மேய்ச்சல், நச்சுத் தேரை ஆகியவையும் வட ஆஸ்திரேலியச் சரிவின் காரணிகளாகக் கருதப்படுகின்றன.

மேற்கு ஆர்னம் நிலத்தில் 2006 முதல் பழங்குடிக் காவலர்கள் முன்பருவ எரிப்பை மேற்கொள்கின்றனர். பசுங்குடில் வாயுக் குறைப்பு இதன் முதன்மை அளவுகோல். ஆனால் சிறு பாலூட்டிகளுக்கு முன்பருவ எரிப்பு மட்டும் போதாது. புதர்கள் காய்க்கும் வயதை எட்டும்வரை சில பகுதிகள் பல ஆண்டுகள் எரியாதிருப்பதும் இன்றியமையாதது.